கழுகுகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா? கூட்டைப் பார்த்துச் சொல்லும் கணக்கு

அவிநாசிப் பக்கம் ஒரு கோயிலில் கும்பாபிஷேகம். கலசத்துக்கு நீர் ஊற்றும் நேரம் நெருங்கியபோது கூடியிருந்தவர்கள் எல்லோரும் கோபுரத்தை விட்டுவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். கருடன் வர வேண்டுமே என்ற தவிப்பு. வந்தது. வெள்ளைக் கழுத்தும் செம்மண் நிறச் சிறகும் கொண்ட செம்பருந்து ஒன்று கோபுரத்தின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் குளத்துப் பக்கம் போனது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் அருகில் நின்றிருந்த அக்கா மகள், ஒன்பதாம் வகுப்புப் படிப்பவள், கேட்டாள்: "மாமா, அம்மாயி காலத்தில் இவை நிறைய இருந்தனவாமே. இப்போது குறைந்துவிட்டனவா?"

வானத்தில் ஒரு பறவையைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்றேன். "அப்படியானால் பத்துப் பறவையைப் பார்த்தால்?" என்றாள். பத்து என்ன, நூறு பறவையைப் பார்த்தாலும் சொல்ல முடியாது. ஏன் முடியாது, எதைப் பார்த்தால் முடியும் என்பதை அவளுக்கு விளக்க அன்று மாலை முழுவதும் ஆனது. அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

விளக்குவதற்கு நான் எடுத்துக்கொண்ட இடம் நம் ஊரிலிருந்து வெகுதூரம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் செசபீக் வளைகுடா என்ற பெரிய கழிமுகம் இருக்கிறது. அங்கே வாழும் வெண்தலைக் கழுகுகளின் கூடுகளை ஆண்டு தவறாமல் பல பத்தாண்டுகளாக எண்ணி வைத்திருக்கிறார்கள். ஒரு பெரிய வேட்டைப் பறவையின் ஏற்ற இறக்கத்தை இவ்வளவு நீண்ட காலம் தொடர்ந்து பதிவுசெய்த இடங்கள் உலகத்திலேயே குறைவு. அதனால்தான் அங்கே போகிறோம். முடிவில் நீலகிரிப் பக்கத்து நம் மாயாற்றுக்குத் திரும்பி வருவோம்.

கடலைப் பார்க்கவே நாள் கணக்காகப் பயணம் போன மக்கள் நாம். கழிமுகம் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பவானி கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. நொய்யலும் அமராவதியும் கரூர்ப் பக்கம் சேர்கின்றன. அந்தக் காவிரி பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து, உப்பும் இல்லாமல் நன்னீரும் இல்லாமல், அலை ஏறும்போது ஒரு சுவையும் இறங்கும்போது ஒரு சுவையுமாக இருக்கும் இடமே கழிமுகம். செசபீக் அப்படிப்பட்ட ஒன்றுதான், ஆனால் அளவு வேறு. ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளம். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆறுகளும் ஓடைகளும் அதில் வந்து விழுகின்றன. இவ்வளவு பெரிதாக இருந்தும் சராசரி ஆழம் நம் தோட்டத்துக் கிணற்றை விடக் குறைவு: ஆறரை மீட்டர் கூட இல்லை. ஆழமில்லாத, வெயில் புகும் நீர் என்பதால் மீன் வளம் கொட்டிக் கிடக்கிறது. மீன் இருக்கும் இடத்தில் மீன் தின்னும் கழுகு இருக்கும்.

வெண்தலைக் கழுகு இரண்டு மீட்டர் அகலத்துக்குச் சிறகு விரிக்கும் பறவை. தலையும் வாலும் வெள்ளையாக மாற ஐந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை உடம்பெல்லாம் பழுப்புதான். ஜோடி சேர்ந்தால் பெரும்பாலும் அதே துணை, அதே கூடு. ஆண்டுதோறும் பழைய கூட்டின் மேலேயே குச்சி அடுக்கும். ஒரு முறைக்கு ஒன்று முதல் மூன்று முட்டை, பெரும்பாலும் இரண்டு. நம் கருடன் என்கிற செம்பருந்துக்கு இந்தக் கழுகு நெருங்கிய உறவு என்பது அக்கா மகளுக்கு மிகவும் பிடித்துப்போன செய்தி. இரண்டுமே நீர்நிலையை ஒட்டி வாழ்பவை, இரண்டுமே மெதுவாகப் பெருகுபவை.

மெதுவாகப் பெருகுபவை. இந்தச் சொல்லை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாமே அதிலிருந்துதான் கிளைக்கிறது.

தேர்க் கூட்டமும் ஒன்றாம் வகுப்பும்

வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் ஒரு சிற்றூரை நினைத்துக்கொள்ளுங்கள். பிழைப்புக்காக இளையவர்கள் பலர் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். மாசி மாதம் கோயில் நோன்பு. தேருக்கு ஆயிரம் பேர் கூடுகிறார்கள். அன்றைக்கு ஊருக்கு வந்த அயலூரார் ஒருவர், "எவ்வளவு செழிப்பான ஊர்!" என்றுதான் சொல்வார். அவர் கண்ணில் பட்டது பொய் இல்லை. ஆனால் அந்த ஊர் இன்னும் முப்பது ஆண்டுகளில் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால் பார்க்க வேண்டியது தேர்க் கூட்டத்தை அல்ல, தொடக்கப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை. அதில் மூன்று பெயர்தான் இருக்கிறது என்றால், திண்ணைகளில் எத்தனை பெரியவர்கள் உட்கார்ந்திருந்தாலும் கணக்கு வேறு.

கழுகுக்கும் இதே கதைதான். வானத்தில் வட்டமிடும் பறவைகள் தேர்க் கூட்டம். அவற்றில் உள்ளூர்ப் பறவை எது, வழிப்போக்கன் எது என்று தெரியாது. செசபீக்கில் இது வெறும் உவமை இல்லை. குளிர்காலத்தில் கனடாப் பக்கத்துக் கழுகுகள் தெற்கே இறங்கி அங்கே வருகின்றன. கோடையில் புளோரிடாப் பக்கத்துக் கழுகுகள் வடக்கே ஏறி அங்கேயே வருகின்றன. தலையை எண்ணினால் மூன்று ஊர்க் கூட்டத்தைச் சேர்த்து எண்ணியதாகிவிடும். அதனால் ஆய்வாளர்கள் எண்ணுவது கூடு கட்டும் ஜோடிகளை. 'இனப்பெருக்கத் தொகை' என்று நூல்களில் சொல்வது இதைத்தான்: ஒரு பகுதியில் ஓர் ஆண்டில் கூடு பிடித்துக் குடும்பம் நடத்தும் ஜோடிகள் எத்தனை. அதோடு இன்னொரு எண்: ஒரு கூட்டுக்குச் சராசரியாக எத்தனை குஞ்சுகள் பறக்கும் பருவம் வரை தேறின. முதல் எண் ஊரில் எரியும் அடுப்புகளின் எண்ணிக்கை என்றால், இரண்டாவது எண் ஒன்றாம் வகுப்புப் பதிவேடு.

இந்த இரண்டாவது எண்ணின் அருமையை உலகத்துக்குக் காட்டியவர்களில் ஒருவர் சார்லஸ் புரோலி. கனடாவின் வின்னிபெக் நகரில் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அறுபதை ஒட்டிய வயதில், 1939இல், புளோரிடாவின் மேற்குக் கரையில் உயரமான மரங்களில் ஏறிக் கழுகுக் குஞ்சுகளின் காலில் வளையம் மாட்டத் தொடங்கினார். அடுத்த பத்து ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகளுக்கு மாட்டினார். 1947 வாக்கில் ஏதோ பிசகுவதைக் கவனித்தார். கூடு இருக்கிறது, தாயும் தந்தையும் இருக்கின்றன, குஞ்சு இல்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் அது மேலும் மோசமானது. 1958இல் நூற்றறுபது கிலோமீட்டருக்கும் மேல் கரையோரம் தேடி அலைந்து அவர் வளையம் மாட்டியது ஒரே ஒரு குஞ்சுக்கு.

அந்த ஆண்டுகளில் அதே கரையில் உல்லாசப் பயணம் போனவர்கள் தலைக்கு மேல் கழுகு பறப்பதைப் பார்த்து மகிழ்ந்துதான் இருப்பார்கள். மரம் ஏறியவருக்கு மட்டுமே தெரிந்தது.

முட்டை ஓடு

நடந்தது என்ன? நம் வீடுகளில் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் 'டி.டி.டி. மருந்து' என்று சொல்லிப் பாருங்கள். மலேரியா ஒழிப்புக்காக ஆட்கள் வந்து சுவரெல்லாம் மருந்தடித்துவிட்டுப் போனதைச் சொல்வார்கள். அம்மா இன்றும் சொல்வார். கொசுவைக் கொன்று எண்ணற்ற உயிர்களைக் காப்பாற்றிய மருந்து அது. அதன் பூச்சிக்கொல்லி ஆற்றலைக் கண்டறிந்த பால் முல்லர் 1948இல் நோபல் பரிசு பெற்றார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அதை வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் டன் கணக்கில் தெளித்தார்கள். சிக்கல், அது எளிதில் சிதையாது என்பதில் இருந்தது. நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகவே ஓர் உயிரின் உடம்புக்குள் போனால் வெளியே வராமல் கொழுப்பில் தங்கிவிடும். நுண்ணுயிரில் கொஞ்சம், அதைத் தின்ற சிறுமீனில் அதிகம், சிறுமீன்களைத் தின்ற பெருமீனில் இன்னும் அதிகம், பெருமீன்களை ஆண்டுக்கணக்கில் தின்ற கழுகில் மிக அதிகம். கடன் கைமாறக் கைமாற வட்டி ஏறுவது போலத்தான். கழிமுகம் ஆறுகளின் கடைசி நிறுத்தம் என்பதால் மேலே எங்கே தெளித்ததும் கடைசியில் அங்கேதான் வந்து படிந்தது.

அந்த நஞ்சு வளர்ந்த கழுகுகளைப் பெரும்பாலும் உடனே கொல்லவில்லை. உடம்பில் அது மாறி உண்டாகும் ஒரு பொருள், முட்டை ஓட்டுக்குச் சுண்ணச்சத்துப் போய்ச் சேர்வதைத் தடுத்தது. ஓடு மெலிந்தது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கியது. பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் என்ற அறிஞர் இதை நிறுவிய விதம் அருமையானது. பழைய முட்டைச் சேகரிப்புகளை எடுத்து, ஒவ்வோர் ஓட்டையும் எடை போட்டு, அது எந்த ஆண்டு எடுத்தது என்று வரிசைப்படுத்தினார். பொரி வல்லூறு என்ற வேட்டைப் பறவையின் முட்டை ஓடு 1940களின் பிற்பகுதியிலிருந்து திடீரென்று மெலிந்திருந்தது. 1967இல் இதை வெளியிட்டார். யாரோ எப்போதோ எடுத்துத் தேதி எழுதி வைத்த முட்டைகள்தான் சாட்சி சொன்னன. தேதி எழுதாமல் விட்டிருந்தால் அவை வெறும் அலங்காரப் பொருள்.

அமெரிக்கா 1972இல் டி.டி.டி.யைத் தடைசெய்தது. அதற்கு முன்பே, 1963 அளவில், அலாஸ்காவை விட்டுவிட்டுப் பார்த்தால் அந்த நாடு முழுவதிலும் கூடு கட்டும் வெண்தலைக் கழுகு ஜோடிகள் ஐந்நூறுக்கும் கீழே போயிருந்தன.

குறைவு ஏன் உடனே தெரியவில்லை?

அக்கா மகள் இடைமறித்த இடம் இது. குஞ்சே பொரிக்கவில்லை என்றால் அடுத்த ஆண்டே பறவைகள் குறைந்திருக்க வேண்டாமா? ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். எண்கள் எளிமைக்காக நாங்கள் வைத்துக்கொண்டவை.

நூறு ஜோடி, அதாவது 200 வளர்ந்த பறவைகள். ஆண்டுக்குப் பத்தில் ஒன்று இறக்கிறது என்று கொள்வோம். 20 இடங்கள் காலியாகும். கூட்டுக்குச் சராசரி 0.7 குஞ்சு தேறினால் நூறு கூட்டுக்கு 70 குஞ்சுகள். முதல் ஐந்து ஆண்டுகள் பறவைக்குக் கண்டம் நிறைந்தவை. பத்தில் மூன்று மட்டும் பெரியதாகின்றன என்று கொண்டால் 21. காலியான 20 இடத்துக்கு 21 பேர். ஊர் நிலையாக நிற்கிறது. ஆய்வாளர்கள் களப் பதிவுகளிலிருந்து வெண்தலைக் கழுகுக்குச் சொல்லும் அளவும் ஏறத்தாழ இதுதான்: கூட்டுக்கு 0.7 குஞ்சுக்குக் கீழே போனால் தொகை தேயத் தொடங்கும்.

இப்போது ஓடு மெலிந்து 0.2 ஆகிவிட்டது என்று வையுங்கள். 20 குஞ்சுகள். அவற்றில் 6தான் பெரியதாகும். ஆண்டுக்கு 14 இடம் நிரம்பாது. ஆனால் எப்போதிலிருந்து? இன்று பிறக்க வேண்டிய குஞ்சு ஐந்து ஆண்டு கழித்துத்தான் கூடு கட்ட வரும். ஆகவே முதல் ஐந்து ஆண்டுகளுக்குக் காலியிடங்களை நிரப்ப முன்பே பிறந்த இளம் பறவைகள் வந்துகொண்டே இருக்கும். அதோடு ஒவ்வொரு நல்ல கழுகு நாட்டிலும் ஒரு காத்திருப்புப் பட்டியல் உண்டு: வயது வந்தும் கூடு கட்ட இடம் கிடைக்காமல் சுற்றும் பறவைகள். அப்படி நாற்பது இருந்தால் இன்னும் மூன்று ஆண்டுகளை அவை மறைத்துவிடும். ஆக எட்டு ஆண்டுகளுக்கு 'நூறு கூட்டிலும் ஜோடி இருக்கிறது, எல்லாம் நலம்' என்றே அறிக்கை வரும். ஒன்பதாம் ஆண்டு சரிவு கண்ணுக்குத் தெரியும்போது, எட்டு வகுப்புப் பிள்ளைகள் ஏறத்தாழ இல்லாமலே போயிருப்பார்கள்.

அவள் அந்தத் தாளை வாங்கித் தன் நோட்டில் ஒட்டிக்கொண்டாள். ஜோடி எண்ணிக்கை நேற்றைச் சொல்கிறது, குஞ்சு எண்ணிக்கை நாளையைச் சொல்கிறது என்று அதன் ஓரத்தில் எழுதினாள். என்னை விட நன்றாகச் சொல்லிவிட்டாள்.

எப்படி எண்ணுகிறார்கள்?

சிறிய விமானத்தில், கரையோரம், மரத்தின் உச்சியை ஒட்டிப் பறந்து எண்ணுகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு சுற்று. முதல் சுற்று மார்ச் மாதத்தை ஒட்டி. இலையுதிர் மரங்கள் மொட்டையாக நிற்கும், கழுகு அடைகாத்துக்கொண்டிருக்கும். எந்தக் கூட்டில் ஜோடி இருக்கிறது என்று அப்போது குறிப்பார்கள். இரண்டாவது சுற்று ஏப்ரல் முடிவிலிருந்து மே வரை. குஞ்சுகள் வளர்ந்து கூட்டின் விளிம்பில் நிற்கும். அவற்றை எண்ணுவார்கள். ஒரே சுற்றோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மே மாதம் மட்டும் போனால், முட்டை உடைந்து கைவிட்ட கூடு வெறும் பழங்கூடாகத் தெரியும். தோற்ற குடும்பம் கணக்கிலேயே வராது. பள்ளி முடிவில் தேர்ச்சி பெற்றவர்களை மட்டும் வைத்துக்கொண்டு எல்லோரும் தேறினார்கள் என்று சொல்வது போல.

விர்ஜீனியாவில் மிட்செல் பேர்டு என்ற பேராசிரியர் 1977 முதல் பல பத்தாண்டுகள் இந்த வேலையைச் செய்தார். ஒரே ஆள், ஒரே வழி, ஒரே பருவம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தேடும் ஆட்கள் ஓர் ஆண்டு கூடினால் கண்டுபிடிக்கும் கூடுகளும் கூடும். அப்போது கூடியது கழுகா, கண்களா? முறை மாறாமல் இருந்தால்தான் எண்ணில் தெரியும் மாற்றம் பறவையின் மாற்றம் என்று நம்பலாம்.

அப்படி எண்ணியதில் கிடைத்தது: 1977இல் செசபீக் முழுவதற்கும் 73 ஜோடிகள். 2001இல் 601. எட்டு ஆண்டுக்கு ஒரு முறை இரட்டிப்பது என்று போட்டுப் பாருங்கள்: 73, 146, 292, 584. இருபத்துநான்கு ஆண்டில் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கும். ஆய்வாளர்கள் துல்லியமாகக் கணித்த இரட்டிப்புக் காலம் 8.2 ஆண்டுகள். முதல் ஐந்து ஆண்டுகளில் ஜோடியின் ஒரு கூடுகட்டும் முயற்சிக்குச் சராசரி 0.82 குஞ்சு, கடைசி ஐந்து ஆண்டுகளில் 1.50. நஞ்சு சேற்றிலிருந்தும் மீனிலிருந்தும் மெல்ல மெல்ல வடிந்ததை இந்த எண் காட்டுகிறது. 2007இல் அமெரிக்கா இந்தக் கழுகை ஆபத்திலிருக்கும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து எடுத்தது.

என் அப்புச்சி தோட்டத்துக் கிணற்றின் நீர்மட்டத்தை ஒவ்வொரு தை முதல் நாளும் கயிறு விட்டு அளந்து ஒரு பழைய வரவு செலவு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டில் 2017க்குப் பிந்தைய பக்கங்களை மட்டும் ஒருவர் பார்த்தால், 'தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது, கவலையே இல்லை' என்பார். அது தென்னை காய்ந்து விழுந்த பெரும் வறட்சிக்கு அடுத்த ஆண்டு என்பது தெரிந்தவருக்குத்தான் அந்த ஏற்றம் எங்கிருந்து தொடங்கியது என்று புரியும். 1977 செசபீக்குக்கு அப்படிப்பட்ட ஆண்டு. ஏறக்குறைய கிணற்றின் அடித்தரை. நல்லவேளையாக 1936இல் பிரையன்ட் டிரல் என்பவர் அதே வளைகுடாவில் கூடு கூடாகத் தேடிப் பதிவுசெய்திருந்தார். டி.டி.டி. வருவதற்கு முந்தைய பதிவு. நலமான கழுகுக் குடும்பம் எத்தனை குஞ்சு வளர்க்கும் என்பதற்கு அதுவே அளவுகோல் ஆனது. பழைய பதிவு இல்லாத இடங்களில் நாம் கண் திறந்து பார்த்த ஆண்டையே 'முன்பெல்லாம்' என்று எடுத்துக்கொள்கிறோம். நம் குளங்களைப் பற்றிப் பேசும்போது நானும் இந்தப் பிழையைச் செய்திருக்கிறேன்.

வளைகுடா முழுவதும் ஒரே சீராகவும் ஏறவில்லை. உப்புக் குறைந்த மேல்பகுதிகளில், ஆற்றுநீர் அதிகமாக இருக்கும் இடங்களில், ஜோடிகள் நெருக்கமாகவும் வேகமாகவும் கூடின. கடல் வாயை ஒட்டிய உப்புப் பகுதிகளில் மெதுவாக. முட்டையிட மேலேறி வரும் மீன்கள் மேல்பகுதியில் திரள்வது ஒரு காரணம். வளைகுடாவில் வந்து விழும் ஜேம்ஸ் ஆற்றின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. அதன் கரையில் ஓர் ஆலையிலிருந்து கீபோன் என்ற இன்னொரு பூச்சிக்கொல்லி ஆற்றில் கலந்தது 1975இல் வெளியே வந்தது. மீன்பிடிப்பையே தடைசெய்ய வேண்டியதாயிற்று. 1970களின் பிற்பகுதியில் அந்த ஆற்றில் ஒரு கழுகு ஜோடி கூட இல்லை. பின்னாளில் அதே ஆற்றில் இருநூறுக்கும் மேல். நொய்யலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த வரியைப் படிக்கும்போது நெஞ்சு ஒரு கணம் நின்று துடிக்கிறது.

நிறைந்த பின்

இங்கே ஒரு குழப்பம் வரும். கழுகுகள் இப்படிப் பெருகிய பின், சில பகுதிகளில் கூட்டுக்கான குஞ்சு எண்ணிக்கை மீண்டும் குறையத் தொடங்குகிறது. மறுபடியும் நஞ்சா?

பெரும்பாலும் இல்லை. நெரிசல். நல்ல கரை, நல்ல மரம், நல்ல மீன்துறை எல்லாம் பிடித்தாயிற்று. பின்னால் வந்த ஜோடிகளுக்கு இரண்டாம் தர இடம்தான். காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் பறவைகள் அடிக்கடி கூட்டுக்கு வந்து வம்பு செய்கின்றன; அவற்றை விரட்டும் நேரத்தில் மீன் கொண்டுவரும் வேலை குறைகிறது, குஞ்சு பட்டினி கிடக்கிறது. அண்ணன் தம்பிகள் பத்து ஏக்கரைப் பங்கிட்டுப் பங்கிட்டு ஆளுக்கு ஒன்றரை ஏக்கர் ஆனால் ஒவ்வொருவர் விளைச்சலும் சுருங்குவது போல. ஊர் பெரியதாகிவிட்டது, வீட்டுக்கு வருமானம் குறைந்துவிட்டது.

ஆகவே குஞ்சு குறைகிறது என்ற ஒரே அறிகுறிக்கு நேரெதிரான இரண்டு பொருள் இருக்கலாம். ஜோடிகள் குறைவாக இருந்து குஞ்சும் குறைந்தால் நோய். ஜோடிகள் நிறைந்து வழியும்போது குஞ்சு குறைந்தால் நிறைவு. இரண்டு எண்ணையும் சேர்த்து, பல ஆண்டுகளுக்கு வரிசையாக வைத்துப் பார்த்தால் மட்டுமே எது என்று பிரித்துச் சொல்ல முடியும். ஒற்றை ஆண்டின் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எழுதப்படும் பறவைச் செய்திகளை நான் சந்தேகத்தோடு படிப்பது இதனால்தான்.

மாயாறு

இனி நம் ஊருக்கு. நீலகிரிக்கும் சத்தியமங்கலம் மலைக்கும் இடையே ஓடிப் பவானிசாகரில் விழும் மாயாற்றின் கரையில் நீர்மருத மரங்கள் ஓங்கி நிற்கின்றன. அவற்றின் உச்சியில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளித்த பறவை. கொறங்காட்டில் மாடு செத்தால் வானத்திலிருந்து இறங்கி, நாற்றம் வருவதற்குள் எலும்பை மட்டும் விட்டுவிட்டுப் போன பறவை. இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஒன்றுதான் மிஞ்சியது என்னும் அளவுக்கு அவை அழிந்தன.

காரணம் மாடுகளுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து. அந்த ஊசி போட்ட சில நாளில் செத்த மாட்டைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. இதைக் கண்டறிந்து 2004இல் அறிவித்தார்கள். 2006இல் கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த இந்தியா தடைவிதித்தது. நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும் ஒரு கணக்கு: இந்த அழிவுக்கு எல்லாச் சடலங்களிலும் மருந்து இருக்க வேண்டியதில்லை. நூறில் ஒன்றுக்கும் குறைவான சடலத்தில் இருந்தாலே போதும். ஒரு மாட்டைச் சுற்றி ஒரு கூட்டமே உட்காரும் அல்லவா?

இதை டி.டி.டி.யோடு ஒப்பிட்டால் எளிதில் மறக்காத ஒரு வேறுபாடு கிடைக்கிறது. டி.டி.டி. ஒன்றாம் வகுப்பை மூடியது. டைக்ளோஃபெனாக் திண்ணையில் இருந்த பெரியவர்களைக் கொன்றது. முதலாவது மெதுவாக, வெளியே தெரியாமல் நடந்தது. இரண்டாவது சில ஆண்டுகளில் வானத்தைக் காலியாக்கியது. பாறு ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை. வளர்ந்த பறவை நீண்ட காலம் வாழ்ந்தால்தான் அந்த ஒற்றை முட்டைக் கணக்கு நேராகும். பெரியவை செத்துக்கொண்டிருக்கும்போது கூட்டுக்கு எத்தனை குஞ்சு தேறினாலும் ஈடாகாது. ஆகவே மாயாற்றில் குஞ்சுக் கணக்கோடு, வளர்ந்த பறவை ஆண்டுக்கு எத்தனை சாகிறது என்பதும், சுற்றியுள்ள கால்நடை மருந்துக் கடைகளில் என்ன விற்கிறது என்பதும் சேர்ந்ததுதான் முழுக் கணக்கு. அதே கேடு செய்யும் அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் என்ற இரண்டு மருந்துகளையும் 2023இல் கால்நடைகளுக்குத் தடைசெய்தார்கள்.

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் சேர்ந்து ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பில் 2023 பிப்ரவரியில் 246 பாறுகள்; அதே ஆண்டு டிசம்பரில் 320. செய்தியைப் படித்த அன்று எனக்கும் மகிழ்ச்சி பொங்கியது. ஆனால் அக்கா மகள் இப்போது கேட்கும் கேள்வியை அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை: ஜோடிக்கு ஒரு முட்டை இடும் பறவை பத்து மாதத்தில் 74 கூடுமா? பருவம் வேறு, பார்க்கும் இடங்களும் கண்களும் கூடினால் எண்ணும் கூடும். அந்த 320 பொய் இல்லை. அது தொடக்கம். இதே முறையில் இன்னும் பத்து, பதினைந்து ஆண்டுகள் எண்ணிய பிறகு வரும் வரிசைதான் மாயாற்றுப் பாறுகளின் நிலையைச் சொல்லும்.

கும்பாபிஷேகத்துக்கு வந்த செம்பருந்தின் கூட்டை அவள் தை மாதத்தில் கண்டுபிடித்துவிட்டாள். குளத்தின் வடகரையில், அரசமரத்தின் மூன்றாம் கவையில். மரத்தடிக்குப் போகக் கூடாது, கூட்டைக் கலைத்தால் பறவை கைவிட்டுவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எதிர்க்கரையிலிருந்து என் பழைய பைனாகுலரில் பார்க்கிறாள். அப்புச்சியின் கிணற்று நோட்டைப் போலவே கட்டம் போட்டிருக்கிறாள்: தேதி, நேரம், ஜோடி இருக்கிறதா, அடைகாக்கிறதா, குஞ்சு எத்தனை, பறந்தது எத்தனை. பங்குனிக் கடைசியில் கூட்டில் இரண்டு குஞ்சுகள். சித்திரையில் ஒன்றுதான் பறந்தது. மற்றொன்று என்ன ஆனது என்று தெரியவில்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விடட்டுமா என்று கேட்டாள். விட வேண்டாம், '1' என்று எழுதி, பக்கத்தில் 'மற்றொன்று காணவில்லை' என்றும் எழுது என்றேன். எழுதிவிட்டு அடுத்த பக்கத்தில் அடுத்த ஆண்டுக்கான கட்டங்களைப் போடத் தொடங்கினாள்.